விழுங்கியது ஐந்து, சேர்ந்தது முக்கால்

ரத்தக் கொதிப்புக்குத் தரப்படும் ஃபெலோடிபின் மாத்திரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அட்டையில் 5 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. அவ்வளவும் வயிற்றுக்குள் போகிறது. சிறுகுடல் அதை ஏறக்குறைய முழுவதுமாக உறிஞ்சியும் விடுகிறது. ஆனால் உடம்பு முழுக்கச் சுற்றிவரும் ரத்தத்தில் அளந்து பார்த்தால் சராசரியாக 15 சதவீதம்தான் தேறும். கிட்டத்தட்ட முக்கால் மில்லிகிராம். மீதி நாலேகால் மில்லிகிராமை, வாய்க்கும் ரத்தத்துக்கும் நடுவிலேயே உடம்பு வேறு பொருளாக மாற்றிவிடுகிறது.

மருந்தைத் தயாரிப்பவர்களுக்கு இது தெரியும். போகிற வழியில் எவ்வளவு அழியும் என்று கணக்குப் பார்த்துத்தான் மாத்திரையின் அளவையே நிர்ணயிக்கிறார்கள். வழியில் அழிவது என்றாவது ஒருநாள் நின்றுபோனால் என்ன ஆகும்? அதே ஒரு மாத்திரை ரத்தத்தில் ஆறேழு மாத்திரைகளின் வேலையைச் செய்யும். ரத்த அழுத்தம் தேவைக்கு மேல் இறங்கும்.

இந்த அழிப்பு வேலை முழுவதையும் கல்லீரல்தான் செய்கிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். நம்பக் காரணமும் இருந்தது. குடல் உறிஞ்சும் பெரும்பாலானவை முதலில் கல்லீரலுக்குப் போய், அதைத் தாண்டித்தான் மற்ற இடங்களுக்குச் செல்கின்றன. ஆனால் கல்லீரலுக்கு முன்பே, குடலின் உட்சுவரிலேயே இன்னொரு கழிவு நடக்கிறது. அது எவ்வளவு பெரியது என்பதை உலகுக்குக் காட்டியது ஒரு பழச்சாறு.

சனிக்கிழமை இரவு, குளிர்சாதனப் பெட்டி

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் லண்டன் என்றொரு நகரம் உண்டு. அங்கே டேவிட் பெய்லி என்ற மருந்தியலாளர் இருந்தார். இளமையில் ஓட்டப்பந்தய வீரர். ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிடத்துக்குள் ஓடிய முதல் கனடியர் (1966) அவர்தான். 1980களின் இறுதியில் அவரும் சக ஆய்வாளர்களும் ஓர் எளிய கேள்வியை எடுத்துக்கொண்டார்கள்: மது அருந்தினால் ஃபெலோடிபின் மருந்தின் செயல் மாறுமா?

குடிப்பவருக்குத் தன் கோப்பையில் மது இருக்கிறதா இல்லையா என்று தெரியக் கூடாது. அதனால் மதுவின் சுவையை மறைக்க ஏதாவது ஒரு சாறு வேண்டும். ஒரு சனிக்கிழமை மாலை, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த சாறுகளையெல்லாம் ஒவ்வொன்றாக மதுவோடு கலந்து குடித்துப் பார்த்தார்கள். கிரேப்ஃப்ரூட் சாறுதான் நன்றாக மறைத்தது. (இது திராட்சை அல்ல. ஆரஞ்சு, எலுமிச்சை வகையைச் சேர்ந்த, லேசான கசப்புடைய பெரிய பழம்.)

முடிவுகள் வந்தபோது குழம்பிப்போனார்கள். மது கலந்த சாறு குடித்தவர்கள், வெறும் சாறு குடித்தவர்கள் என இரு தரப்பிலும் ரத்தத்தில் மருந்தின் அளவு, முந்தைய ஆய்வுகளில் கண்டதைப்போலப் பல மடங்கு இருந்தது. இரு தரப்புக்கும் பொதுவாக இருந்தது சாறுதான். பெய்லி தன்மீதே சோதனை செய்தார். ஒருமுறை தண்ணீரோடும் ஒருமுறை சாற்றோடும் மாத்திரையை விழுங்கி ரத்தத்தைப் பரிசோதித்தார். சாற்றோடு விழுங்கியபோது மருந்தின் அளவு சுமார் ஐந்து மடங்கு அதிகம்.

1991இல் ‘லான்செட்’ இதழில் முறையான ஆய்வு வந்தது. லேசான ரத்தக் கொதிப்புள்ள ஆறு ஆண்கள். தண்ணீரோடு விழுங்கியபோது ரத்தத்தில் சேர்ந்த மருந்தை 100 என்று கொண்டால், கிரேப்ஃப்ரூட் சாற்றோடு சராசரி 284. ஆரஞ்சுச் சாற்றோடு கொடுத்தபோது மாற்றமில்லை. அதே மருந்தை ஊசி வழியாக நேரே ரத்தத்தில் செலுத்தினால் கிரேப்ஃப்ரூட் சாறு ஒன்றும் செய்வதில்லை என்று பின்னர் தெரியவந்தது. சாற்றின் வேலை கல்லீரலில் நடந்திருந்தால் ஊசி மருந்தும் கூடியிருக்க வேண்டும். ஆக, சாறு தொட்ட இடம் குடல்.

ஒரு நொதி, பல நூறு மருந்துகள்

குடலில் அது தொட்டது ஒரு நொதியை. சைட்டோக்ரோம் பி450 3ஏ4 என்பது அதன் முழுப்பெயர். மருந்தியல் வட்டாரத்தில் ‘சிப் 3ஏ4’ என்றே சொல்வார்கள். இது ஒரு பெரிய குடும்பத்தின் உறுப்பினர். மனித உடலில் இந்தக் குடும்பத்துக்கு 57 மரபணுக்கள் உண்டு. கார்பன் மோனாக்சைடு வாயுவோடு சேர்ந்தால் 450 நானோமீட்டர் அலைநீள ஒளியை உறிஞ்சும் நிறமி என்பதால் 1962இல் ஜப்பானின் ஒசாகாவில் ஒமுரா, சாட்டோ என்ற இரு ஆய்வாளர்கள் பி450 என்று பெயர் வைத்தார்கள்.

நிறத்துக்குக் காரணம் இதன் மையத்தில் இருக்கும் ஹீம். ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினில் இருக்கும் அதே இரும்பு வளையம்தான். ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனை ஓரிடத்தில் ஏற்றி மற்றோரிடத்தில் அப்படியே இறக்கிவிடுகிறது. இந்த நொதியோ ஆக்ஸிஜன் மூலக்கூறை இரண்டாக உடைக்கிறது. ஓர் அணுவை மருந்தின்மீது பொருத்துகிறது. மற்றொன்று தண்ணீராகப் போய்விடுகிறது.

ஓர் ஆக்ஸிஜன் அணுவால் என்ன ஆகிவிடும்? பெரும்பாலான மாத்திரை மருந்துகள் கொழுப்பில் கரைபவை. அப்படி இருந்தால்தான் குடல் செல்களின் கொழுப்புச் சவ்வைத் தாண்டி உள்ளே வர முடியும். ஆனால் கொழுப்பில் கரையும் பொருளைச் சிறுநீரகத்தால் எளிதில் வெளியேற்ற முடியாது. வடிகட்டினாலும் அது மறுபடி ரத்தத்துக்குள் ஊறிவிடும். ஆக்ஸிஜனைப் பொருத்தினால் அந்தப் பொருள் நீரில் சற்றுக் கூடுதலாகக் கரைகிறது. அடுத்தடுத்த நொதிகள் பிடித்துக்கொள்ள ஓர் இடமும் கிடைக்கிறது. அங்கிருந்து சிறுநீர், பித்தம் வழியாக வெளியேற்றம் சுலபம். நச்சுநீக்கம் என்று நாம் சொல்வதன் முதல் படி இதுதான்.

பொதுவாக நொதிகள் தங்களுக்கென்று ஒரு குறிப்பிட்ட மூலக்கூறை மட்டுமே ஏற்கும். சிப் 3ஏ4 அப்படிப்பட்டதல்ல. வேலை நடக்கும் அதன் உட்குழி பெரியது, வளைந்துகொடுக்கக்கூடியது. 2004இல் அதன் முப்பரிமாண வடிவத்தைக் கண்டறிந்தபோது இது தெளிவானது. மிடசோலம் என்ற சிறிய மயக்க மருந்தும் உள்ளே வரும். பொருத்திய உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும், அதைவிடப் பல மடங்கு பெரிய சைக்ளோஸ்போரினும் வரும். கொலஸ்டிராலுக்கான அடோர்வாஸ்டாட்டின், ரத்தக் கொதிப்புக்கான நிஃபெடிபின், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களுக்கான டாக்ரோலிமஸ் எல்லாம் இதன் கைக்குள் வருபவை. புழக்கத்தில் உள்ள மருந்துகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இந்த ஒரு நொதி மாற்றுவதாக மதிப்பிடுகிறார்கள்.

கல்லீரல் இல்லாத சில மணி நேரம்

குடல் சுவர் மிருதுவான நுண்விரல்களால் ஆனது. அந்த விரல்களைப் போர்த்தியிருப்பது ஒற்றை அடுக்குச் செல்கள். அடிப்பகுதியில் பிறக்கும் செல்களில் இந்த நொதி இராது. அவை மேலே நகர்ந்து முதிர முதிரச் சேர்கிறது. நுனியை நெருங்கும்போது நிறைந்திருக்கும். சிறுகுடலின் தொடக்கப் பகுதிகளில் அதிகம், கடைசிப் பகுதியில் குறைவு.

மொத்த அளவைப் பார்த்தால் குடலில் இருப்பது கல்லீரலில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். இவ்வளவு குறைவாக இருப்பது என்ன சாதிக்கும் என்ற சந்தேகம் நியாயமானதே. அதைத் தீர்க்கக் கல்லீரலே இல்லாத ஒரு மனிதரில் பரிசோதிக்க வேண்டும். அப்படி ஒரு நேரம் உண்டு. கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையில் பழைய உறுப்பை எடுத்த பிறகு, புதியது வேலை தொடங்குவதற்கு முன் ஓர் இடைவெளி வரும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பால் வாட்கின்ஸ் குழுவினர் அந்த இடைவெளியில் இரண்டு நோயாளிகளின் சிறுகுடலுக்குள் சைக்ளோஸ்போரினைச் செலுத்தினார்கள். குடலிலிருந்து வெளிவந்த ரத்தத்தில் மாற்றப்பட்ட மருந்து தென்பட்டது. கல்லீரல் இல்லை, மாற்றியது குடல்தான். 1991இல் இது வெளியானது. இதே முறையில் 1996இல் மிடசோலம் மருந்தைச் சோதித்தபோது, குடல் சுவர் மட்டுமே சராசரியாக 43 சதவீதத்தைக் கழித்துவிடுவது தெரிந்தது.

குறைந்த அளவை ஈடுகட்டுவது இருக்கும் இடம். வாய் வழியே வரும் மருந்தின் ஒவ்வொரு மூலக்கூறும் அந்த ஒற்றைச் செல் அடுக்கைக் கடந்தே ஆக வேண்டும். போதாததற்கு அதே செல்களின் மேற்பரப்பில் பி-கிளைக்கோபுரதம் என்ற இறைப்பான் இருக்கிறது. உள்ளே வந்த மூலக்கூறுகளில் பலவற்றை அது மீண்டும் குடலுக்குள்ளேயே தள்ளிவிடும். தள்ளப்பட்டது மறுபடி நுழையும். மறுபடி நொதியைச் சந்திக்கும். ஒருமுறை தப்பியது அடுத்த முறை மாட்டிக்கொள்ளும்.

பழம் செய்த வேலை

கிரேப்ஃப்ரூட்டில் ஃபியூரானோகூமரின் என்ற வகைப் பொருள்கள் இருக்கின்றன. பெர்கமோட்டின் அவற்றில் ஒன்று. நொதி இதையும் வழக்கம்போல உள்ளே வாங்கி ஆக்ஸிஜனைப் பொருத்தப் பார்க்கிறது. பாதி வேலையில் உருவாகும் பொருள் கடுமையாக வினைபுரியக்கூடியது. வெளியே போகாமல் நொதியிலேயே ஒட்டிக்கொள்கிறது. பூட்டுக்குள் சாவி முறிந்துவிட்டால் அந்தப் பூட்டு இனி எந்தச் சாவிக்கும் திறக்காது. அதுபோல அந்த நொதி மூலக்கூறு அத்தோடு முடிந்தது. செல் அதை அப்புறப்படுத்திவிடும். 1997இல் ஆரோக்கியமான பத்து ஆண்களுக்குச் சில நாட்கள் தொடர்ந்து சாறு கொடுத்து, குடல் சுவரிலிருந்து திசு எடுத்துப் பார்த்தார்கள். சிப் 3ஏ4 புரதம் சராசரியாக 62 சதவீதம் குறைந்திருந்தது. கல்லீரலில் அதன் செயல்பாடு குறையவில்லை.

மாத்திரையைக் காலையிலும் பழத்தை மாலையிலும் எடுத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அழிந்த நொதிக்குப் பதில் புதியது உருவாக வேண்டும். சாறு குடித்து 24 மணி நேரம் கழித்தும் விளைவு நீடிப்பதை அளந்திருக்கிறார்கள். முழுவதும் பழைய நிலைக்கு வர இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம். இந்த விளைவுக்கு ஒரு முழுப் பழமோ 200 மில்லி சாறோ போதும். இப்படிப் பாதிக்கப்படும் மருந்துகள் 85க்கும் மேல் என்று 2013இல் பெய்லி குழுவினர் பட்டியலிட்டார்கள். அவற்றில் 43 ஆபத்தான விளைவைத் தரக்கூடியவை.

நம் ஊரில் கிரேப்ஃப்ரூட் அரிது என்று இதை ஒதுக்க முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டில் பார்படோஸ் தீவில் பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்ததுதான் கிரேப்ஃப்ரூட். ஃபியூரானோகூமரின் அதற்குப் பம்பளிமாஸ் வழி வந்த சொத்து. பம்பளிமாஸ் சாறு சைக்ளோஸ்போரினின் அளவை ரத்தத்தில் உயர்த்துவதும் ஆய்வில் உறுதியாகியிருக்கிறது. பம்பளிமாஸ் நம் தோட்டங்களிலும் பழக்கடைகளிலும் இருக்கிறது.

மாத்திரைக்கு முன்பே வந்த நொதி

இன்றைய வகை மாத்திரைகள் வந்து இருநூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. இந்த நொதிக் குடும்பமோ மிகப் பழையது. பிறகு யாருக்காக இது காத்திருந்தது? தாவரங்களுக்காக. ஓட முடியாத செடிகள் தங்களைத் தின்ன வருபவற்றைக் கசப்பாலும் நஞ்சாலும் எதிர்கொள்கின்றன. இலையையும் காயையும் தின்று வாழும் உயிர்களுக்கு அந்த நஞ்சுகளை முறிக்கும் நொதிகள் தேவைப்பட்டன. நம் மருந்துகளில் பல, தாவரங்களிலிருந்தோ பூஞ்சைகளிலிருந்தோ வந்தவை. மற்றவற்றிலும் பல ரசாயன வடிவில் அவற்றுக்கு நெருக்கமானவை. நம் குடலுக்கு மாத்திரையும் இன்னொரு அந்நியப் பொருள்தான்.

ஃபியூரானோகூமரினே அப்படியொரு செடித் தற்காப்புதான். வட அமெரிக்காவில் கேரட் குடும்பத்துச் செடிகளைத் தின்னும் ஒருவகை வண்ணத்துப்பூச்சிப் புழு, அந்த நஞ்சை முறித்தே வாழ்கிறது. முறிப்பது அதன் குடலில் உள்ள மற்றொரு பி450 நொதி. நம்முடையதைச் செயலிழக்க வைக்கும் பொருளை அந்தப் புழுவின் நொதி சாதாரணமாகக் கையாள்கிறது.

எல்லா மாற்றமும் நன்மைக்கு என்றும் சொல்ல முடியாது. பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் அஃப்ளடாக்ஸின் என்ற நச்சு உண்டு. சிப் 3ஏ4 அதன் ஒரு பகுதியைச் சாதுவான பொருளாக்குகிறது. இன்னொரு பகுதியை மரபணுவில் ஒட்டிக்கொள்ளும் கொடிய வடிவமாக்குகிறது. கல்லீரலில் இது நடந்தால் புற்றுநோய்வரை போகலாம். குடல் செல்லில் நடந்தால் ஆபத்து குறைவு. ஏனென்றால் குடல் செல்லின் ஆயுள் மூன்று முதல் ஐந்து நாள். கெட்டுப்போன மரபணுவோடு அந்தச் செல்லே உதிர்ந்து வெளியே போய்விடும்.

தடுத்தால் ஒரு விபரீதம், தூண்டினால் இன்னொன்று

1980களில் அமெரிக்காவில் ஒவ்வாமைக்கு டெர்ஃபெனடின் என்ற மருந்து பிரபலமாக இருந்தது. தூக்கக் கலக்கம் தராது என்பது அதன் சிறப்பு. விழுங்கிய மருந்தை ஏறக்குறைய முழுவதுமாகக் குடலும் கல்லீரலும் சேர்ந்து மாற்றிவிடும். மாறிய பொருள்தான் ஒவ்வாமையைக் குறைத்தது. மாறாத டெர்ஃபெனடின் ரத்தத்தில் கூடினால் இதயத் துடிப்பின் தாளம் குலையும். 1990இல் கீட்டோகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தோடு இதைச் சேர்த்து எடுத்த ஒரு பெண்ணுக்கு அதுதான் நேர்ந்தது. கீட்டோகோனசோல் சிப் 3ஏ4ஐத் தடுக்கும் மருந்து. 1998இல் டெர்ஃபெனடின் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலகியது. அதன் இடத்துக்கு வந்த ஃபெக்ஸோஃபெனடின், உடம்பு டெர்ஃபெனடினிலிருந்து உருவாக்கிவந்த அதே மாறிய பொருள்தான். குடல் செய்துவந்த வேலையைத் தொழிற்சாலை செய்யத் தொடங்கியது.

நொதி குறைவது ஒரு பக்கம் என்றால், கூடுவது மறுபக்கம். செல்லின் கருவில் பி.எக்ஸ்.ஆர். என்ற உணர்வி இருக்கிறது, 1998இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்நியப் பொருள் வந்து அதில் பொருந்தினால், நொதியைக் கூடுதலாகத் தயாரிக்க உத்தரவு போகும். இதை மிகப் பலமாகத் தூண்டுவது காசநோய்க்கான ரிஃபாம்பிசின். சில நாட்கள் ரிஃபாம்பிசின் எடுத்தவர்களுக்கு மிடசோலம் மாத்திரை கொடுத்தபோது, ரத்தத்தில் சேரும் அளவு 96 சதவீதம் சரிந்தது. உலகிலேயே காசநோயாளிகள் அதிகம் உள்ள நாடு இந்தியா. ரிஃபாம்பிசின் எடுக்கும் மாதங்களில் கருத்தடை மாத்திரை பலனிழக்கலாம்; எச்.ஐ.வி. மருந்துகள் சிலவும் அப்படியே. ஐரோப்பாவில் மனச்சோர்வுக்கு எடுத்துக்கொள்ளும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையும் இதே உணர்வியைத் தூண்டும். அதை எடுத்த இதய மாற்று நோயாளிகளின் ரத்தத்தில் சைக்ளோஸ்போரின் குறைந்து, பொருத்திய இதயத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கியதை 2000இல் சூரிக் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

தடுப்பதையே வைத்தியமாக்கிய கதையும் உண்டு. எச்.ஐ.வி. மருந்தாக 1996இல் வந்த ரிட்டோனாவிர், சிப் 3ஏ4ஐக் கடுமையாகத் தடுப்பது தெரிந்தது. பக்கவிளைவு என்று ஒதுக்காமல், அதைச் சிறு அளவில் மற்ற மருந்துகளுக்குத் துணையாகக் கொடுத்தார்கள். நொதி கட்டுப்பட்டதால் துணையோடு போன மருந்து நெடுநேரம் ரத்தத்தில் தங்கியது. கோவிட் காலத்தில் வந்த பாக்ஸ்லோவிட் மாத்திரையின் கூட்டும் இதுதான்: வைரஸை எதிர்ப்பது நிர்மட்ரெல்விர், அதைக் காப்பாற்றுவது ரிட்டோனாவிர்.

இந்த யோசனை நம் பக்கத்துக்கும் அந்நியமில்லை. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகத்தைப் பல மருந்துகளோடு சேர்க்கும் வழக்கம் சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் உண்டு. இதைப் பார்த்து ஜம்முவில் இருந்த ஆய்வுக்கூடத்தில் சி.கே. அடல் குழுவினர் தேடத் தொடங்கினார்கள். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் மற்ற மருந்துகளின் அளவை ரத்தத்தில் உயர்த்துவதைக் கண்டார்கள். அது சிப் 3ஏ4ஐயும் பி-கிளைக்கோபுரத இறைப்பானையும் தடுப்பது 2002இல் மனித நொதியிலும் செல்களிலும் செய்த சோதனைகளில் தெரிந்தது. வழக்கமான 450 மில்லிகிராமுக்குப் பதில் 200 மில்லிகிராம் ரிஃபாம்பிசினுடன் 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்த மருந்துக்கு 2009இல் இந்தியாவில் அனுமதியும் கிடைத்தது. கடையில் விற்கும் மஞ்சள் காப்ஸ்யூல்கள் பலவற்றில் மிளகுச் சத்து சேர்ப்பதும் இந்த எண்ணத்தில்தான். ரசத்தில் தட்டிப்போடும் மிளகும், செறிவாக்கி அடைத்த காப்ஸ்யூலும் ஒன்றல்ல. தினமும் மாத்திரை எடுப்பவர்கள் காப்ஸ்யூலை மருந்தாகவே கருத வேண்டும்.

ஒருவரின் குடலில் இருக்கும் சிப் 3ஏ4க்கும் மற்றவரின் குடலில் இருப்பதற்கும் பத்து மடங்குவரை வித்தியாசம் இருக்கலாம். அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்ட அளவு உங்களுக்கும் ஒத்துக்கொள்ளும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மருத்துவரிடம் போகும்போது மற்ற டாக்டர்கள் எழுதிய மாத்திரைகளோடு, நாட்டு மருந்து, லேகியம், சத்து காப்ஸ்யூல், தினமும் குடிக்கும் சாறு எல்லாவற்றையும் சொல்லுங்கள். “அது வெறும் பழம்தானே, அது வெறும் மூலிகைதானே” என்று விட்டுவிடாதீர்கள். இதைப் படித்துவிட்டுப் பயந்து எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். கொலஸ்டிரால், ரத்தக் கொதிப்பு, உறுப்பு மாற்றம், காசநோய், எச்.ஐ.வி. ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள், புதிதாக எதையும் சேர்ப்பதற்கு முன் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: “இதையும் அதையும் சேர்த்து எடுக்கலாமா?”